சாப்பிட்ட உடனே டீ குடித்தால் இரும்புச்சத்து உடம்பில் சேராதா?

ஓரளவுக்கு உண்மைதான். சாப்பிட்ட கை காய்வதற்குள் ஒரு கட்டிங் சாய் என்பது மும்பையில் பலருக்கும் பழக்கம். கட்டிங் என்றால் அரை கிளாஸ்தான், ஆனால் நன்றாகக் கொதித்த டீ. நாக்கில் தெரியும் அந்தத் துவர்ப்பைத் தருவது டானின் என்ற பொருள். கீரை, பருப்பு, கேழ்வரகில் உள்ள இரும்போடு அது ஒட்டிக்கொண்டால், குடலால் அந்த இரும்பை உறிஞ்ச முடியாது.

தாதர் ஸ்டேஷனில் வண்டி ஏறப் போகிறவரைப் பேச்சுக் கொடுத்தே நிறுத்திவைக்கும் நண்பர் மாதிரி. ஆள் பிளாட்பாரம் வரை வந்தாச்சு, வண்டி போய்விட்டது! மீன், கறியில் உள்ள இரும்புக்கு இந்தத் தொல்லை குறைவு. காபியும் இதையே செய்யும், டீ அளவுக்கு இல்லை.

ஒரு மணி நேரம் தள்ளிக் குடித்தால் போதும். பருப்பில் எலுமிச்சை பிழிந்தால் இன்னும் நல்லது, வைட்டமின் சி இரும்பு சேர உதவும். ரத்தசோகை உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் இதைக் கண்டிப்பாகக் கவனிக்க வேண்டும். மற்றவர்கள், என்னையும் சேர்த்து, டீயை விட வேண்டியதில்லை.

அப்புறம், 'டீ ரத்தத்தையே உறிஞ்சிவிடும்' என்பது தவறு: உடம்பில் ஏற்கெனவே இருக்கும் இரும்பை அது தொடுவதில்லை, அந்த வேளைச் சாப்பாட்டில் உள்ளதைத்தான் தடுக்கிறது.