காவிக்கல்லும் மணிக்கட்டும்

அன்புள்ள ஐயா,

குகை மனிதர்கள் தீட்டிய வண்ணம் பல்லாயிரம் வருடங்களாக நிற்கிறது. நான் வரைந்த சுவரோவியம் மூன்றே வருடத்தில் வெளிறிவிட்டது. அவர்கள் ரத்தம் கலந்ததாகச் சொல்கிறார்களே, உண்மையா? அந்த ரகசியம் தொலைந்துவிட்டதா?

கே.

அன்புள்ள கே.,

ரத்தத்தை விடுங்கள். நீர், கொழுப்பு, பிசின் என்று கைக்குக் கிடைத்ததில் குழைத்திருப்பார்கள். உங்கள் சுவரில் ஈரம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

எனக்கு எரிச்சல் வந்தது 'ரகசியம்' என்ற சொல்லில்தான். பழசு என்றாலே ஒரு ரகசியம் வேண்டுமா? அவர்கள் தீட்டிய காவிக்கல்லின் சிவப்பு இரும்பு ஆக்சைடு. துருப்பிடித்து முடிந்த இரும்பை வெயில் இனி என்ன செய்யும்? அப்புறம், திறந்தவெளிப் பாறையில் தீட்டி மழையில் கரைந்தவற்றை யார் கணக்கில் வைத்தார்கள்? பிரான்சின் லாஸ்கோ குகை ஓவியங்கள் சுமார் 17,000 வருடம் இருட்டில் பத்திரமாக இருந்தன. 1948இல் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். நம் மூச்சும் விளக்கு வெளிச்சமும் சேர்ந்து பாசி பிடிக்க வைத்ததில், 1963இல் மூடவேண்டியதாயிற்று. வண்ணம் மாறவில்லை, காற்றுதான் மாறியது.

ரகசியம் வேண்டுமென்றே அடம்பிடித்தால், அது மணிக்கட்டில் இருக்கிறது. ஒருமுறை உள்ளங்கை அளவு காவிக்கல்லை எடுத்து அரைக்க உட்கார்ந்தேன். அரை மணி நேரத்தில் முடியும் என்று நினைப்பு. முதலில் வந்தது வெறும் குருணை. நீரில் குழைத்துச் சுவரில் பூசினால் காய்ந்ததும் உதிர்ந்தது. மறுபடி அரைத்தேன். பொடியை நீரில் கலக்கி, கனமானது அடியில் தங்கியதும் மேலே கலங்கி நின்ற நீரை மட்டும் வேறு பாத்திரத்தில் ஊற்றி, அது தெளியக் காத்திருந்தேன். மாலையில் மிஞ்சிய வண்டல் இரண்டு ஸ்பூன் தேறாது. கை மரத்துப்போயிருந்தது.

தென்னாப்பிரிக்காவின் பிளாம்போஸ் குகையில் 1,00,000 வருடப் பழமையான இரண்டு சிப்பி ஓடுகள் கிடைத்ததை 2011இல் அறிவித்தார்கள். உள்ளே காவிப்பொடி, கரி, நசுக்கிய எலும்பு. பக்கத்திலேயே அரைக்கப் பயன்பட்ட கற்களும். எல்லோரும் கலவையைத்தான் பேசினார்கள். நான் அந்தக் கற்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வரைகிறீர்கள் என்பதே எனக்குச் சந்தோஷம். ஒரு கல்லைத் தேடி எடுத்து அரைத்துப் பாருங்கள். மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள். கட்டாமல் அரைத்த நான் இரண்டு நாள் சிவப்பாகத் தும்மினேன்.