எகெரில் ஓர் இரவு (கடிதமும் பதிலும்)

அன்புள்ள அக்கா,

வணக்கம். புடாபெஸ்ட்டில் வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. அடுத்த மாதம் அம்மா தஞ்சாவூரிலிருந்து வந்து மூன்று வாரம் என்னுடன் இருக்கப் போகிறார். ஹங்கேரியிலேயே உள்ள எகெர் என்ற ஊருக்கு ஒருநாள் அழைத்துப் போகலாம் என்று நினைத்தேன். நெட்டில் தேடினால் பார்க்க வேண்டிய இடங்கள் என்று பதினான்கு போட்டிருக்கிறார்கள். காலையில் போய் இரவு திரும்பினால் எல்லாவற்றையும் முடிக்க முடியுமா? அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு. இன்னொன்று, நாங்கள் இருவரும் குடிப்பதில்லை. வைனுக்கும் வெந்நீர்க் குளங்களுக்கும் பேர்போன ஊர் என்று சொன்னதுமே அம்மா, "அங்க நமக்கு என்னடா வேலை?" என்று கேட்டுவிட்டார். என்ன பதில் சொல்வது?

உங்கள் வாசகன்,
புடாபெஸ்ட்

அன்புள்ள தம்பி,

முதலில் உங்கள் கேள்விக்கு நேராகப் பதில்: முடிக்கலாம். புடாபெஸ்ட் கெலெதி நிலையத்திலிருந்து ரயிலில் இரண்டு மணி நேரம்தான். ஊரின் நடுப்பகுதியை அரை மணி நேரத்தில் குறுக்கே நடந்துவிடலாம். நானும் முதல் தடவை அப்படித்தான் போனேன். மூன்று மணிக்குள் கோட்டை, பெருங்கோயில் என்கிற பெரிய தேவாலயம், மினார் எல்லாம் பார்த்துவிட்டு ரயிலேறினேன். ஒரு வாரம் கழித்து யோசித்தால் கோட்டை வாசலும் ஐஸ்கிரீம் கடையும் மட்டும்தான் நினைவில் இருந்தன. இரண்டாவது தடவை இரண்டு இரவு தங்கினேன். அந்த ஊர் எனக்குக் கிடைத்தது அப்போதுதான். அதனால் சொல்கிறேன், பதினான்கில் பத்தை விட்டுவிடுங்கள். ஓர் இரவு தங்குங்கள்.

அம்மாவின் கேள்விக்கு வருகிறேன். எகெர் ஒரு மெத்துக் கல்லின் மேல் உட்கார்ந்திருக்கும் ஊர். ஒரு கோடி ஆண்டுகளுக்கும் முன்பு எரிமலைகள் கக்கிய சாம்பல் படிந்து இறுகிய கல். உளி வைத்தால் பெயர்ந்துவிடும், ஆனால் குடைந்த குகை இடியாமல் நிற்கும். ஊருக்குப் பின்னால் பூக் மலைகள். அவை சுண்ணாம்புக்கல் மலைகள். அங்கே பெய்யும் மழை கல்லிடுக்குகளில் இறங்கி, ஆழத்தில் சூடேறி, ஊருக்குள் ஊற்றாக வருகிறது. வைன் வந்தது அந்தக் கல்லைக் குடைந்த நிலவறைகளால், குளியல் வந்தது இந்தத் தண்ணீரால். குடிக்காதவருக்கும் அங்கே பார்க்க நிறைய இருக்கிறது என்று அம்மாவிடம் தைரியமாகச் சொல்லுங்கள்.

பெருங்கோயிலில் தொடங்கலாம். யோஷெஃப் ஹில்ட் வடிவமைத்து 1837-இல் திறந்தது. பெரியது, அவ்வளவுதான். எனக்கு முக்கியம் அதன் பக்கத்தில் இருக்கும் ஒரு சின்ன வாசல். 'நகரத்துக்கு அடியில் நகரம்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பேராயரின் பழைய நிலவறைகள். ஊர்க்காரர்கள் விளைச்சலில் பத்தில் ஒரு பங்கைத் திருச்சபைக்கு வைனாக அளக்க வேண்டும். அவ்வளவு பீப்பாய்களையும் வைக்க மண்ணுக்குள் குடைந்தார்கள், குடைந்து எடுத்த கல்லை மேலே கட்டடங்களுக்குப் பயன்படுத்தினார்கள். வெளியே என்ன வெயிலானாலும் உள்ளே குளிர்தான், அம்மாவுக்கு ஒரு சால்வை எடுத்துக்கொள்ளுங்கள்.

கோட்டையைத் தவிர்க்க முடியாது, தவிர்க்கவும் கூடாது. 1552-இல் துருக்கியப் பெரும்படை ஒன்று அதை முற்றுகையிட்டது. உள்ளே டோபோ இஷ்ட்வான் தலைமையில் சுமார் இரண்டாயிரம் பேர், பெண்களும் குடியானவர்களும் சேர்த்து. ஐந்து வாரத்துக்கு மேல் தாக்குப்பிடித்தார்கள். படை திரும்பிப் போய்விட்டது. ஹங்கேரியில் பள்ளிக்கூடம் போன எந்தக் குழந்தையைக் கேட்டாலும் இந்தக் கதையைச் சொல்லும். அதற்குக் காரணம் கார்டோனி கேசா எழுதிய நாவல். அவர் எகெரிலேயே வாழ்ந்து 1922-இல் இறந்தார், கல்லறை கோட்டைக்குள்ளேயே இருக்கிறது. அதன் மேல் மூன்றே மூன்று ஹங்கேரியச் சொற்கள். 'உடல் மட்டும்தான்' என்று பொருள். அங்கே கொஞ்ச நேரம் நில்லுங்கள்.

அந்த முற்றுகையோடு ஒரு வைன் கதையும் ஓடுகிறது. வீரர்கள் சிவப்பு வைன் குடித்துத் தாடியெல்லாம் சிவந்திருக்க, காளையின் ரத்தம் குடிக்கிறார்கள் என்று எதிரிகள் மிரண்டு ஓடினார்களாம். அதனால்தான் இந்த ஊர் வைனுக்கு 'பிகவேர்', காளை ரத்தம், என்று பெயர் வந்ததாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 1552-இல் எகெரில் பெரும்பாலும் வெள்ளை வைன்தான் செய்தார்கள். சிவப்பு வைன் செய்யும் முறையும் கதர்கா என்ற திராட்சையும் பிறகு, துருக்கியருக்குத் தப்பி வடக்கே வந்த செர்பியர்களோடு வந்தவை. பிகவேர் என்ற பெயரே 1846-இல் ஒரு கவிஞர் செக்சார்த் என்ற வேறோர் ஊரின் வைனைப் பாடும்போது எழுதியது.

இந்தக் கதையை விட எனக்கு உறுத்துவது, வழிகாட்டிகள் வேகமாகத் தாண்டிப் போகிற ஒரு வருடம்: 1596. அந்த வருடம் சுல்தான் மூன்றாம் மெஹ்மத் நேரில் வந்தார், கோட்டை விழுந்தது. 1687 வரை, 91 ஆண்டுகள், எகெர் துருக்கியர் ஊர். நீங்கள் இறங்கிக் குளிக்கப் போகும் துருக்கிக் குளியலகம் அந்தக் காலத்தில்தான், 1610-களில், எழுந்தது. வெற்றிக்குச் சிலை இருக்கிறது. தோல்வியில் வந்த குளத்தில்தான் நானூறு ஆண்டுகளாக ஊரே முதுகை நனைக்கிறது. இரண்டையும் ஒரே நாளில் பார்க்கும்போதுதான் இந்த ஊரின் மேல் எனக்கு மரியாதை கூடியது.

குளியலகத்துக்கு நீச்சலுடை கட்டாயம். கை கால் மூடிய நீச்சலுடை கடைகளில் கிடைக்கிறது, அம்மாவுக்கு முன்கூட்டியே வாங்கி, டிக்கெட் எடுக்கும்போது ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். பிரஷர் மாத்திரை சாப்பிடுபவர் என்றால் ஒரேயடியாக ஊற விடாதீர்கள், கொஞ்ச நேரம் இருந்து எழுந்து வரட்டும். தண்ணீரில் இறங்கவே கூச்சமாக இருந்தால் பரவாயில்லை, பக்கத்தில் எகெர்சாலோக் இருக்கிறது, ஆறு கிலோமீட்டர். 1961-இல் எண்ணெய் தேடிக் குழாய் இறக்கிய இடத்தில் 65 டிகிரிக்கும் மேல் கொதிக்கும் தண்ணீர் பீறிட்டது. அது வழிந்து வழிந்து சுண்ணாம்பு படிந்து, வெள்ளைவெளேரென்று படிப்படியாக ஒரு குன்றே வளர்ந்திருக்கிறது. நின்று பார்த்தாலே போதும்.

மினார் உங்களுக்கு மட்டும். 40 மீட்டர் உயரம், 97 படிகள், எதிரே ஒருவர் வந்தால் ஒதுங்க இடமில்லாத சுழல்படி. ஹங்கேரியில் மிஞ்சிய மூன்று துருக்கிய மினார்களில் ஒன்று. அதன் மசூதியை 1841-இல் இடித்துவிட்டார்கள். அம்மா கீழே பெஞ்சில் உட்கார்ந்திருக்கட்டும். லைசியம் என்ற பழைய கல்லூரிக் கட்டடத்தின் கோபுரத்திலும் படிகள் அதிகம், ஆனால் அதை நீங்கள் விடக்கூடாது. வெளியே தெரிவதைக் கண்ணாடியும் வில்லையும் வழியாக உள்ளே காட்டும், 1776-இல் அமைத்த இருட்டறை (கேமரா அப்ஸ்க்யூரா) உச்சியில் இருக்கிறது. கதவைச் சாத்தியதும், வெள்ளை மேசை மேல் ஊர் விழுகிறது. புகைப்படம் இல்லை, அந்த நிமிடத்து ஊர்: கார் நகர்கிறது, ஒருவர் சதுக்கத்தைக் கடக்கிறார், சத்தமே இல்லை. நான் மேசை மேல் கையை வைத்தேன், என் புறங்கை மேல் ஓர் ஓட்டுக்கூரை வந்து படிந்தது.

சாயங்காலம் 'அழகிய பெண்ணின் பள்ளத்தாக்கு'. ஊரிலிருந்து இரண்டு கிலோமீட்டர், நடக்க முடியாதவர்களுக்குச் சின்ன உல்லாச ரயில் போல ஒரு வண்டி ஓடுகிறது. குன்றைக் குடைந்த வைன் அறைகள் வரிசையாக வாசல் திறந்திருக்கும். குடிக்க வேண்டியதில்லை, எட்டிப் பாருங்கள். நான் பார்த்த அறையில் ஒரு பெரியவர், அடியில் ஒடுங்கி நடுவில் குடம் போல் உப்பிய நீளமான கண்ணாடிக் குழாயைப் பீப்பாய்க்குள் விட்டு, வாயால் உறிஞ்சி, மேல் துளையைக் கட்டை விரலால் மூடித் தூக்கினார். விரலைத் துளி நகர்த்தினார், கம்பி போல் கோப்பைக்குள் இறங்கியது. கீழே ஒரு சொட்டு சிந்தவில்லை. அதற்கு 'லோபோ' என்று பெயர். அவருக்குப் பின்னால் சுவர் முழுக்கக் கறுப்பு வெல்வெட் போலப் பூஞ்சை. பீப்பாயிலிருந்து கசியும் ஆவியை உண்டு வளர்வது, நல்ல நிலவறைக்கு அடையாளம் என்று அதைத் துடைக்காமல் விடுகிறார்கள். அதில் நாணயங்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. திரும்பி வர வேண்டும் என்று நினைப்பவர்கள் அழுத்திவிட்டுப் போவதாம். நானும் ஒன்றை அழுத்தினேன்.

ஒரு எச்சரிக்கை. அங்கே ரொட்டித் துண்டில் வெண்ணெய் போலத் தடவி, மேலே வெங்காயம் போட்டுத் தருவது பெரும்பாலும் பன்றிக் கொழுப்பு. அம்மா சைவமென்றால் முதலிலேயே கேட்டுவிடுங்கள். பொரித்த 'லாங்கோஷ்' ரொட்டியில் பூண்டு மட்டும் தடவித் தரச் சொல்லலாம். எண்ணெயில் பொரித்ததுதானா என்று அதற்கும் ஒரு கேள்வி.

நீங்கள் அடுத்த மாதம் என்று எழுதியிருக்கிறீர்கள், அப்படியென்றால் செப்டம்பர். அறுவடை நேரம். ஊருக்கு வெளியே திராட்சை ஏற்றிய டிராக்டர்கள் முன்னால் போய்க்கொண்டிருக்கும், பஸ் மெதுவாகத்தான் போகும். அம்மாவை ஜன்னலோரம் உட்கார வையுங்கள்.

அன்புடன்,
அக்கா