மொய் நோட்டும் 'ங்க'வும்: சமூகவியல் கேள்வி பதில்

கல்லூரியில் சமூகவியல் நடத்தி ஓய்வு பெற்றவன் என்று தெரிந்ததும் ஆளாளுக்குக் கேட்டுவிட்டீர்கள். முடிந்தவரை சொல்கிறேன்.

திருப்பூர் வாசகர்: சார், பஸ்ஸில் உட்காருவது, டீ குடிப்பது எல்லாம் நமக்குத் தெரிந்ததுதானே. அதில் ஆராய என்ன இருக்கிறது?

தெரிந்தது என்று நினைப்பதுதான் சிக்கல். டவுன் பஸ்ஸில் பாதி சீட் காலியாக இருக்கும்போது, முன்பின் தெரியாத ஒருவர் நேரே வந்து உங்கள் பக்கத்தில் உட்கார்ந்தால் ஒரு மாதிரி இருக்கும். அவரும் டிக்கெட் எடுத்தவர்தான். எந்த போர்டிலும் எழுதாத சட்டம் ஒன்றை மீறிவிட்டார். எதிரே வருபவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு உடனே கண்ணை எடுத்துக்கொள்கிறோமே, அதற்கு எர்விங் கோஃப்மன் என்ற சமூகவியல்காரர் 1963இல் ஒரு பெயரே வைத்தார். தமிழில் நாகரிகமான பாராமுகம் எனலாம். இதை நமக்கு யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்க ஆரம்பித்தால் அப்புறம் விட முடியாது.

பெருந்துறை வாசகர்: மொய் வைப்பதில் கூடவா சமூகவியல்?

அதில்தான் நிறைய. கல்யாணப் பத்திரிகை வந்ததும் என் அம்மா பீரோவிலிருந்து பழைய மொய் நோட்டை எடுத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு புரட்டுவார். "நமக்கு நூத்தியொண்ணு வெச்சிருக்காங்க. ஐநூத்தியொண்ணாவது வெக்கோணும்." அதே நூற்றியொன்றைத் திருப்பி வைத்தால் கணக்குத் தீர்த்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும். கூட வைத்தால் பாக்கி அவர்கள் பக்கம் போகும்; போக்குவரத்தும் நிற்காது. கொடுப்பது, வாங்கிக்கொள்வது, திருப்பிக் கொடுப்பது மூன்றுமே கடமைதான் என்று பிரான்ஸில் மார்சல் மோஸ் என்ற சமூகவியல்காரர் 1925இல் எழுதினார். அவர் எடுத்துக்கொண்டது பசிபிக் தீவுகளையும் வட அமெரிக்கப் பழங்குடிகளையும். அம்மாவின் நோட்டைப் பார்த்திருந்தால் ஓர் அத்தியாயம் கூடியிருக்கும்.

நாமக்கல் மாணவி: உளவியலும் இதும் ஒன்றா?

இல்லைம்மா. ஒரு மாமாவுக்கு ஏன் இவ்வளவு கோபம் என்றால் உளவியல். எந்தக் கல்யாணத்திலும் யாராவது ஒரு மாமா ஏன் கோபித்துக்கொள்கிறார் என்றால் சமூகவியல்.

காங்கேயம் வாசகர்: அடுத்த வீட்டை எட்டிப் பார்க்கும் வம்புதானே இது?

பாதி உண்மை. உங்கள் பக்கத்து ஓலப்பாளையத்திலேயே 1960களில் பிரெண்டா பெக் வந்து தங்கினார். மானுடவியல்காரர், எங்களுக்குப் பங்காளி முறை. வம்பு பேசுபவர் யார் என்ன செய்தார் என்பதோடு நிறுத்துவார். பெக், எந்தச் சாதி எந்தச் சடங்கில் எங்கே நிற்கிறது என்று கணக்கெடுத்து 1972இல் கொங்கு நாட்டைப் பற்றிப் புத்தகமே போட்டார்.

ஈரோடு வாசகர்: வீட்டில் ஏதாவது செய்து பார்க்கலாமா?

செய்யலாம், திட்டு விழும். அமெரிக்காவில் ஹெரால்ட் கார்ஃபிங்கல் என்ற சமூகவியல் பேராசிரியர் தன் மாணவர்களைச் சொந்த வீட்டில் வாடகைக்குத் தங்கியவர் போல நடந்துகொள்ளச் சொன்னார். வீட்டார் குழம்பினார்கள், கோபப்பட்டார்கள். என் மாணவன் ஒருவன் அம்மாவிடம், "கொஞ்சம் தண்ணி எடுத்துக்கலாமுங்களா?" என்றான். அவர் பேசாமல் நெற்றியில் கை வைத்துக் காய்ச்சல் பார்த்தார்.

பொள்ளாச்சி வாசகர்: சின்னக் குழந்தையைக்கூட 'வாங்க' என்கிறோமே, அதைப் பற்றி?

எனக்கும் அந்தப் பெருமை உண்டு. ஆனால் யாருக்கு 'ங்க' விழவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். ஐந்து வயதில் தாத்தா தோட்டத்துக்குப் போவேன். அங்கே வேலை செய்த பெரியவருக்கு அறுபது இருக்கும். அவர் என்னை "வாங்க சாமி" என்பார். நான் அவரைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவேன். யாரும் என்னைத் தடுக்கவில்லை. எங்களுக்கெல்லாம் டம்ளரில் வந்த காப்பி அவருக்குத் தேங்காய்த் தொட்டியில் போகும். அதைத் தினமும் பார்த்திருக்கிறேன். ஏன் என்று கேட்கத் தோன்றியது கல்லூரிக்குப் போன பிறகுதான். அப்போது அவர் இல்லை.