உப்பு விளையுற மாசம்

அன்புள்ள அக்கா,

வேதாரண்யம் பத்தி நீங்க எழுதுறத விடாம படிக்கிறேன். ஒரு டவுட்டு. இளவேனில்னு கவிதைல எல்லாம் வருது, உங்க எழுத்துல உப்பும் வெயிலும் மட்டும்தான் இருக்கு. அந்தப் பக்கம் வசந்தம்னு ஒண்ணு வருமா, இல்ல பனி முடிஞ்சதும் நேரா கோடைதானா?

ஒரு வாசகன்

தம்பி,

வருது, நீங்க அத மரத்துல தேடுறீங்க. எங்க பக்கம் மொதல்ல காத்துலதான் தெரியும். வாடை அடங்கி சோழகம், அதாவது தென்காத்து, எடுக்குற நேரத்துல கோடியக்கரை சேத்துல மேஞ்சுட்டு இருந்த பறவைங்க ஒவ்வொரு கூட்டமா கெளம்பிடும், ஒருநாள் போய்ப் பாத்தா வெறும் சேறுதான் கெடக்கும். இந்தப் பக்கம் பறவை போகுது, அந்தப் பக்கம் கடல்லேர்ந்து ஆமை ஏறுது. புக்குல ஆலிவ் ரிட்லின்னு போட்டிருப்பாங்க, கரைல அதுக்குப் பேரு பங்குனி ஆமை. ராத்திரியில வந்து குழி பறிச்சு நூறு முட்டை போல போட்டு மூடிட்டுப் போயிடும், விடியக்காலம் போனா மணல்ல டிராக்டர் ஏறி எறங்குன மாதிரி தடம் மட்டும் இருக்கும்.

பூவும் இருக்கு, புன்னையும் முல்லையும். ஆனா எனக்கு வசந்தம்னா உப்பளம்தான். மழைக்காலத்துல அகஸ்தியன்பள்ளி அளம் முழுக்க தண்ணிக்காடு. தைக்கு மேல பாத்திய மிதிச்சு இறுக்கி தண்ணி கட்டுவாங்க. சித்திரைல மத்தியான நேரத்துல பாத்தி ஓரமா குந்திப் பாருங்க, தண்ணி மேல பாலாடை மாதிரி ஒண்ணு மெதக்கும், உத்துப் பாத்தா அத்தனையும் குட்டிக் குட்டி சதுரம், காத்து அத ஒரு மூலைக்கு ஒதுக்கும், கனம் ஏற ஏற ஒவ்வொண்ணா முங்கும். அதான் உப்பு.

1930ல உப்புச் சத்தியாகிரகத்துக்கு ராஜாஜி ஆளுங்களோட திருச்சில கெளம்பினது ஏப்ரல் 13, சித்திரை பொறந்த அன்னிக்கு. அந்த வெயில்ல 150 மைல் நடந்து 28ந்தேதி வேதாரண்யம் வந்தாங்க, 30ந்தேதி அகஸ்தியன்பள்ளில உப்பு அள்ளினாங்க, அரெஸ்ட். வழியில சோறு போட்டா ஜெயில்னு தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் மெரட்டியும் ஜனங்க பொட்டலத்த மரத்துல கட்டி வச்சாங்கன்னு சொல்லுவாங்க. எல்லாரும் அந்த தைரியத்த எழுதுறாங்க, நான் காலண்டரப் பாக்குறேன். நடை கெளம்புனது காந்தியோட தண்டி யாத்திரையப் பாத்து, எங்க ஊரு பருவத்தப் பாத்து இல்ல. ஆனா அதே நடை ஐப்பசில நடந்திருந்தா அள்ளுறதுக்கு ஏது உப்பு? தண்ணிக்குள்ள நின்னு வேடிக்கை பாத்திருக்கணும்.

சித்திரைலயே வாங்க. ஏப்ரல் 15லேர்ந்து விசைப்படகு 61 நாள் கடலுக்குப் போகாது, அதனால பெரிய மீனுக்கு ஆசப்படாதீங்க. பாத்தில எறங்கணும்னா செருப்பக் கழட்டணும், கால்ல வெடிப்பு கிடிப்பு இருந்தா மொதல்லயே சொல்லிடுங்க, வரப்புலயே நிக்க வச்சுடுறேன்.