பொட்டலத்தில் ஒன்றைக் குறைத்தால் என்ன?

வாசகர் கேள்வி பதில்: சீன மூலிகைச் சேர்க்கை

காய்ச்சலும் உடம்பு வலியும் இருந்ததால் சீன வைத்தியரிடம் போனேன். ஐந்து சரக்கு போட்டு மூன்று பொட்டலம் கொடுத்தார், படம் அனுப்பியிருக்கிறேன். எனக்குச் சர்க்கரை இருப்பதால் சிவப்பு இலந்தையை எடுத்துவிட்டேன். இஞ்சி நல்லதுதானே என்று ஒரு கைப்பிடி கூடவே தட்டிப் போட்டேன். தவறா?
– வாசகி, ஈப்போ

தவறுதான் அம்மா. ஆனால் பயப்படும்படி ஒன்றுமில்லை, நிறையப் பேர் செய்கிற தவறு இது.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். செம்பழுப்பில் குறுக்காக நறுக்கின லவங்கப்பட்டை மரக் குச்சி, வெள்ளை வில்லையாகச் சீவின பியோனி என்ற பூச்செடியின் வேர், உள்ளே மஞ்சளாக அதிமதுரம், சுருங்கின இலந்தை, இஞ்சித் துண்டு. பார்த்தால் 'குய்ஜி தாங்' கஷாயம் மாதிரி இருக்கிறது. கி.பி. 200-ஐ ஒட்டி ஜாங் ஜோங்ஜிங் என்ற வைத்தியர் எழுதிய 'ஷாங்ஹான் லுன்' நூலில் வருவது. குச்சி, பியோனி, இஞ்சி மூன்றும் தலைக்கு 3 லியாங் (லியாங் என்பது அந்தக் காலத்து எடை), அதிமதுரம் 2 லியாங், இலந்தை எண்ணி 12. வியர்வை கசிந்துகொண்டே காய்ச்சலும் இருந்து, காற்றுப் பட்டால் கூசுகிறவர்களுக்கு இதைச் சொல்லியிருக்கிறார்.

இதில் ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை இருக்கிறது. அரசன், அமைச்சன், துணை, தூதன் என்று நாலு பதவியாகப் பிரிப்பது சீன வைத்தியர்களின் வழக்கம். குச்சி அரசன், அது உள்ளிருப்பதை வெளியே தள்ளி வியர்வையைத் திறக்கிறது. பியோனி அமைச்சன், வியர்வை ஒரேயடியாகக் கொட்டிப் போகாமல் உள்ளே பிடித்து வைக்கிறது. தள்ளுவதும் பிடிப்பதும் சம எடையில் இருந்தால்தான் இந்தக் கஷாயம். இஞ்சி குச்சியோடு சேர்ந்து தள்ளுகிறது, இலந்தை பியோனியோடு சேர்ந்து பிடிக்கிறது. இப்போது பாருங்கள், நீங்கள் இலந்தையை எடுத்ததும் இஞ்சியைக் கூட்டியதும் ஒரே பக்கமாகப் போய்விட்டது, தராசு சாய்ந்துவிட்டது.

எனக்கு இந்த வைத்தியத்திலேயே ரொம்பப் பிடித்த இடம் அடுத்து வருவதுதான், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். இதே ஐந்து சரக்கு, வேறெதுவும் சேர்க்காமல் பியோனியை மட்டும் 3 லியாங்கிலிருந்து 6 ஆக்கினால் அது காய்ச்சல் கஷாயமாக இல்லாமல் வயிற்று வலிக்கான கஷாயமாகிவிடுகிறது, பெயரும் மாறுகிறது. குச்சியை மட்டும் 5 லியாங் ஆக்கினால் அடிவயிற்றிலிருந்து நெஞ்சுக்கு ஏதோ குபுகுபுவென்று ஏறுவதாகச் சொல்கிறவர்களுக்கானது. பியோனியை இரட்டிப்பாக்கியதில் தானியப் பாகும் ஊற்றினால் மெலிந்து சோர்ந்து வயிறு இழுத்துப் பிடிக்கிறவர்களுக்கானது. எல்லாம் அதே நூலில், அதே மனிதர் எழுதியது. சரக்கின் பெயரை மனப்பாடம் செய்தால் மருந்து தெரிந்துவிட்டதாக நினைப்பவர்களுக்கு நான் முதலில் காட்டுவது இந்த நான்கு கஷாயங்களைத்தான்.

குடித்த பிறகு என்ன செய்ய வேண்டும் என்றும் அதில் இருக்கிறது: சற்று நேரத்தில் சூடான நீர்க் கஞ்சி குடி, இரண்டு மணி நேரம் போர்த்திப் படு, மேலெல்லாம் லேசாக ஈரம் கண்டால் போதும், தண்ணீராக ஓட விடாதே, முதல் வேளையிலேயே வியர்த்துக் குணமானால் மீதியைக் குடிக்காதே. கஞ்சியையும் மருந்தில் ஒன்றாகத்தான் கணக்கு வைத்திருக்கிறார்.

சர்க்கரை இருப்பதை வைத்தியரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். இலந்தையைக் குறைக்க வேண்டுமானால் அவர் மற்றதையும் பார்த்துத் திருத்திக் கொடுப்பார்.

கிராம்பும் மஞ்சளும் சேரவே கூடாது என்று மருந்துக் கடையில் ஒரு பெரியவர் சொன்னார். நாம் தினமும் குழம்பில் இரண்டையும் போடுகிறோமே!
– வாசகர், சிங்கப்பூர்

பெரியவர் சொன்னது நிஜமான ஒரு விதியைத்தான். சேரக்கூடாத சரக்குகளுக்குச் சீனத்தில் இரண்டு பழைய பாட்டுகள் உண்டு, ஒன்று 'பதினெட்டு எதிர்ப்பு', மற்றது 'பத்தொன்பது அச்சம்'. மருந்து படிக்கிற பிள்ளைகள் இன்றும் பாட்டாகவே ஒப்பிக்கிறார்கள். இரண்டாவதில் கிராம்பும் யூஜினும் சேரக்கூடாது என்று வருகிறது, இன்றைய சீன அரசு மருந்து நூலிலும் அந்த எச்சரிக்கை இருக்கிறது.

ஆனால் யூஜின் என்பது நம் மஞ்சள் தூள் இல்லை. மஞ்சள் இனச் செடிகளின் வேர் நுனியில் தனியாகத் திரண்டு தொங்குகிற சிறு கிழங்குதான் யூஜின். நாம் அரைக்கிற விரலி மஞ்சள் செடியின் தண்டுக் கிழங்கு, அதற்கு அவர்கள் வைத்த பெயர் ஜியாங்ஹுவாங், குணமும் வேறு என்று வைத்திருக்கிறார்கள். ஒரே செடியின் இரண்டு பாகம், இரண்டு மருந்து. பாட்டில் ஜியாங்ஹுவாங் இல்லை. குழம்பை நிம்மதியாகச் சாப்பிடுங்கள்.

இந்தப் பாட்டுகளைச் சீன வைத்தியர்களே ஒரே மாதிரி எடுத்துக்கொள்வதில்லை. அதிமதுரத்துக்கும் கான்சுய் என்ற கடும் பேதி வேருக்கும் ஆகாது என்று முதல் பாட்டு சொல்கிறது, ஜாங் ஜோங்ஜிங்கோ இரண்டையும் ஒரே கஷாயத்தில் சேர்த்திருக்கிறார். தேர்ந்த வைத்தியர் செய்தது அது. வீட்டில் நாம் மீற வேண்டாம்.

எந்தப் பொட்டலத்தைப் பிரித்தாலும் அதிமதுரம் இருக்கிறதே, ருசிக்காகவா?
– வாசகி, பினாங்கு

ருசிக்கும்தான். ஆனால் முக்கியமாக, முரட்டுச் சரக்குகளைச் சாந்தப்படுத்தி ஒன்றோடொன்று ஒத்துப்போக வைக்கிறது என்பதற்காக. அதற்கு 'நாட்டின் மூத்தவர்' என்றே ஒரு பட்டப்பெயர் உண்டு, ஊர்ப் பஞ்சாயத்தில் சமரசம் பேசுகிற பெரியவர் மாதிரி.

எனக்கு இதில் ஒரு கவலை உண்டு. எல்லாவற்றிலும் இருப்பதால்தான் அது கணக்கில்லாமல் சேருகிறது. ஜப்பானில் கெண்டைக்கால் பிடிப்புக்குப் பியோனியும் அதிமதுரமும் மட்டும் சேர்ந்த மருந்தை ஆஸ்பத்திரி டாக்டர்களே எழுதுகிறார்கள். பிடிப்புக்கு ஒன்று, இருமலுக்கு ஒன்று, வயிற்றுக்கு ஒன்று என்று மூன்று பாட்டில் வாங்கி ஒன்றாகக் குடித்தால் அதிமதுரம் மூன்று மடங்கு உள்ளே போகிறது. அளவு மிஞ்சினால் ரத்த அழுத்தம் ஏறும், கால் வீங்கும், பொட்டாசியம் குறையும். நீர் பிரிய மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். பாட்டில் லேபிளில் அதிமதுரம் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

அப்பா வார்ஃபரின் சாப்பிடுகிறார். பக்கத்து வீட்டு அக்கா டாங்குய் சூப் வைத்துத் தருகிறார். கொடுக்கலாமா?
– வாசகர், கிள்ளான்

வேண்டாம். டாங்குய், டான்ஷென் என்ற இரண்டு சீன மருந்து வேர்களும், ரத்தம் உறையாமல் தடுக்கிற வார்ஃபரினோடு சேர்ந்தால் ரத்தம் உறையும் நேரம் அளவுக்கு மேல் நீண்டு ரத்தக் கசிவு வரலாம், மருத்துவ ஏடுகளில் பதிவான விஷயம் இது. அக்காவிடம் காரணத்தைச் சொல்லுங்கள், வருத்தப்பட மாட்டார். இதுவரை குடித்திருந்தால் அடுத்த ரத்தப் பரிசோதனை வரை காத்திருக்காமல் டாக்டரிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்.

அரசன், அமைச்சன் எல்லாம் கதைதானே? ஆய்வுக் கூடத்தில் யாராவது நிரூபித்திருக்கிறார்களா?
– வாசகர், சென்னை

எல்லாவற்றையும் நிரூபித்ததாகச் சொன்னால் பொய். பெரும்பாலான கஷாயங்கள் அப்படிச் சோதிக்கப்படவில்லை. ஆனால் நன்றாகச் செய்த ஒன்றைச் சொல்கிறேன். ஒருவகை ரத்தப் புற்றுநோய்க்குச் சீனாவில் கொடுக்கிற மாத்திரை ஒன்றில் மனோசிலை, அவுரி நீலம், டான்ஷென் இவற்றோடு இன்னொரு வேரும் உண்டு. மனோசிலை நம் சித்த வைத்தியர்களுக்கும் பழக்கமான பாஷாணம்தான். அதில் முதல் மூன்றின் முக்கியப் பொருட்களைப் பிரித்தெடுத்து, தனித்தனியாகவும் சேர்த்தும் செல்களிலும் எலிகளிலும் சோதித்து 2008-ல் சீன ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். நோயை நேராகத் தாக்குவது மனோசிலையின் ஆர்சனிக். மற்ற இரண்டும் அந்த ஆர்சனிக் செல்லுக்குள் நுழைகிற வாசலை அதிகமாகத் திறந்துவிடுகின்றன, மூன்றும் சேர்ந்தபோதுதான் பலன் கூடியது. அரசன், அமைச்சன் என்று சொல்வது இந்த ஒரு இடத்திலாவது கண்ணுக்குத் தெரிகிறது. ஒரு மருந்தை வைத்து எல்லாக் கஷாயத்துக்கும் சான்றிதழ் கொடுக்க நான் தயாரில்லை. தயவுசெய்து இதைப் படித்துவிட்டு யாரும் மனோசிலையைத் தேடிப் போகாதீர்கள்.

பெரிய பொட்டலத்துக்குள் இரண்டு சின்னப் பொட்டலம் தனியாக மடித்து வைத்திருந்தது. தெரியாமல் எல்லாவற்றையும் ஒன்றாகப் பானையில் கொட்டிவிட்டேன்.
– வாசகி, ஜோகூர்

தனியாக மடித்திருந்தால் அதற்குத் தனி நேரம் இருக்கிறது என்று அர்த்தம். குடிப்பதற்கு முன்னால் கடைக்குப் போன் செய்து அதில் என்ன இருந்தது என்று கேளுங்கள். புதினா மாதிரி வாசனைச் சரக்காக இருந்தால் கடைசி ஐந்து நிமிடத்தில் போட வேண்டியது, முன்பே போட்டதால் வாசனைதான் போயிருக்கும், குடிக்கலாம்.

ஃபூஸி என்று சொன்னால் குடிக்காதீர்கள், கீழே கொட்டிவிடுங்கள். அது நம் வசநாபி இனம். பக்குவம் செய்து விற்றாலும் அதை மட்டும் முதலில் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கொதிக்க விட்டு, விஷம் முறிந்த பிறகுதான் மற்றதைப் போட வேண்டும். ஏற்கெனவே குடித்து உதடோ நாக்கோ மரத்தால், படபடப்பு வந்தால், பொட்டலத்தையும் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அடுத்த முறை கடையிலேயே ஒவ்வொரு சின்னப் பொட்டலத்தின் மேலும் 'முதலில்', 'கடைசியில்' என்று தமிழில் நீங்களே பேனாவால் எழுதிக்கொள்ளுங்கள்.