மரீ ஏரி யாருடைய பெயரைத் தாங்குகிறது?

ஸ்காட்லாந்தின் மரீ ஏரியைக் கன்னி மரியாளின் பெயரால் அமைந்ததாகக் கட்டுரையில் எழுதலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம், தயவுசெய்து அப்படி எழுதாதீர்கள். அந்தப் பெயருக்கு உரியவர் அயர்லாந்தின் பேங்கர் மடத்திலிருந்து வந்த துறவி மெல்ருபா. 671இல் கடல் கடந்தார். 673இல் ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையிலுள்ள ஆப்பிள்கிராஸில் மடம் நிறுவினார். 722இல் அங்கேயே மறைந்தார். ஐரிஷ் ஆண்டுக்குறிப்புகள் இந்த ஆண்டுகளைத் தெளிவாகவே சொல்கின்றன.

மக்கள் நாவில் அவர் பெயர் தேய்ந்து ‘மௌரி’ ஆனது; ஏரியின் பெயரில் அது ‘மரீ’ என நிற்கிறது. 1656இல் வட ஸ்காட்லாந்தின் டிங்வால் திருச்சபை மன்றம், ஆகஸ்டு 25 அன்று அவருக்குக் காளைகளைப் பலியிடும் வழக்கத்தைக் கண்டித்துப் பதிவு செய்திருக்கிறது. அவர் மறைந்து ஒன்பது நூற்றாண்டுகளுக்கும் மேலான பிறகு! அவர் பெயர் இங்கே நிலைத்திருந்ததற்கு எனக்கு இதுதான் மிக வலுவான சான்று. ஏரியின் நடுவே உள்ள மரீ தீவின் கிணற்று நீர் மனநோயைத் தீர்க்கும் என்றும் நெடுங்காலம் நம்பினார்கள்.

அவர் பெயரைத் தாங்கும் ஊர்களில் பெர்த்ஷயரிலுள்ள அமுல்ரீயையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்தப் பெயருக்கு ‘மெல்ருபாவின் ஆற்றுத்துறை’ என்று பொருள். ஆனால் பெயர் இருக்கும் இடமெல்லாம் அவர் நடந்து சென்றார் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பின்னாளில் பக்தர்கள் சூட்டிய பெயர்களும் உண்டு. ஒவ்வோர் ஊருக்கும் பழைய ஆவணங்களில் உள்ள எழுத்து வடிவத்தையும் உள்ளூர்த் திருவிழா நாளையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.