மொத்த மளிகை வியாபாரத்தில் இருப்பவரால் குடும்பத்தையும் வேலையாட்களையும் ஒருசேரக் கவனிக்க முடியுமா?

முடியும். மதுரை கீழமாசி வீதியில் ஒரு கடையில் 11 வருஷம் கணக்கு எழுதியவன் நான், கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன் (முதலாளி பெயர் வேண்டாம், அவருக்குப் பிடிக்காது).

கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்ததே 2021-இல்தான். எங்கள் கடையில் அதற்கு ரொம்ப முன்னாலேயே தராசுப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் கிடக்கும், காலிப் பருப்புச் சாக்கை நாலாக மடித்து மேலே போட்டு.

அப்புறம் இஎஸ்ஐ, அதாவது தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீடு. பத்துப் பேரோ அதற்கு மேலோ இருந்தால் கட்டியாக வேண்டும், ஆனால் ஆள் கணக்கைக் குறைத்துக் காட்டித் தப்பிக்கிறவர்களும் உண்டு. இவர் ஒருவரையும் விடவில்லை. சம்பளத்தில் 0.75 சதவீதம் பிடித்ததற்கே பையன்கள் முணுமுணுத்தார்கள், முதலாளி பங்கு 3.25 என்பதை யாரும் பேசவில்லை. சீனி மூட்டை சரிந்து குடோன் பையன் ஒருவனுக்குக் கால் முறிந்தபோதுதான், படுத்திருந்த நாட்களுக்குச் சம்பளத்தில் 90 சதவீதம் அதிலிருந்து வந்தது. மீதியை முதலாளி போட்டார், என்னிடம் 'இதர செலவு' என்று எழுதச் சொல்லி.

வீட்டு விஷயம்? மதியம் ஒன்றரைக்கு செல்போனை என் மேஜையில் வைத்துவிட்டு வீட்டுக்குச் சாப்பிடப் போய்விடுவார், லாரியே வந்து நின்றாலும் சரி. அழகர் ஆற்றில் இறங்கும் அன்று கடைக்குப் பூட்டு.

குறையும் உண்டு. கடன் கேட்டால் இல்லை என்று சொல்ல வராது. அந்த வாராக்கடன் நோட்டு இன்னும் என் அலமாரியில்தான் இருக்கிறது, அவர் கேட்கவே இல்லை.